வெள்ளரிக்குப் பசுமைக்குடிலா, நிழல்வலையா, திறந்தவெளிப் பந்தலா?

வீரிய ஒட்டு வெள்ளரி பயிரிட நினைப்பவர்களின் கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவில்தான் வருகிறது. கால் ஏக்கர் நிலமும் ஆழ்துளைக் கிணறும் இருக்கின்றன, மானியம் கிடைக்கும் என்கிறார்கள். பாலிஹவுஸ் (பசுமைக்குடில்) போடலாமா, ஷேட் நெட் (நிழல்வலை) போதுமா, வெளியிலேயே பந்தல் கட்டிக் கொடியை ஏற்றிவிடலாமா என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தும் விடை இதற்கு இல்லை. ஆனால் விடையைத் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. பலர் முதலில் குடிலை முடிவுசெய்து, அதைக் கட்டி முடித்த பிறகு விதைக்கடைக்குப் போகிறார்கள். தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் அப்படிச் செய்தால் தப்பித்துக்கொள்ளலாம், வெள்ளரிக்கு முடியாது. எந்த விதை என்பதும் எந்தக் கூரை என்பதும் வெள்ளரியில் ஒரே முடிவின் இரு பாதிகள்.

கீழே மூன்று வழிகளையும் கால் ஏக்கர், அதாவது ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் என்ற ஒரே அளவில் வைத்துப் பார்க்கிறேன். இடம் தமிழ்நாடு, விதை வீரிய ஒட்டு.

## எவற்றை வைத்து முடிவுசெய்வது

விதை. சந்தையில் கிடைக்கும் ஒட்டு வெள்ளரிகளை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம். முதல் வகையில் ஒரே கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே வரும். தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். இரண்டாம் வகையில் ஏறத்தாழ எல்லாமே பெண்பூக்கள். காய் எண்ணிக்கை கூடும், ஆனால் மகரந்தம் வேண்டும் என்பதால் மகரந்தம் தரும் செடிகளுக்கான விதையையும் ஓரளவு சேர்த்தே விதைக்க வேண்டும். இமாசலத்திலுள்ள கட்ராயின் ஆய்வு நிலையம் வெளியிட்ட பூசா சன்யோக் இந்தப் பெண்பூ வகையைச் சேர்ந்த பழைய ஒட்டு. மூன்றாம் வகைதான் குடில்காரர்கள் 'பார்த்தினோகார்பிக்' என்று சொல்வது. இதில் மகரந்தச் சேர்க்கையே நடக்காமல் காய் உருவாகும், விதை இருக்காது, கணுவுக்கு ஒன்றோ இரண்டோ காய் நிற்கும். தனியார் நிறுவனங்களின் விதைகளே இதில் அதிகம் புழங்குகின்றன என்றாலும், கேரள வேளாண் பல்கலைக்கழகம் கே.பி.சி.எச்-1 என்ற ஒட்டை வெளியிட்டிருக்கிறது. விதை எண்ணிக்கைக் கணக்கில் விற்கப்படும், விலையும் அதிகம்.

இங்கே தவறு செய்தால் திருத்த வழியில்லை. தேனீ தேவைப்படும் விதையைப் பூச்சிவலை அடைத்த குடிலுக்குள் நட்டால், கொடி நிறையப் பூக்கும், பிஞ்சுகள் விரல் நீளத்தில் மஞ்சளாகி உதிரும். எங்கள் பகுதியில் ஒரு குடிலில் இதைக் கண்ணால் பார்த்தேன். செடியில் நோய் இல்லை, உரத்தில் குறை இல்லை. ஆனாலும் நுண்ணூட்டம், பூஞ்சாணக்கொல்லி என்று 20 நாட்கள் தெளித்த பிறகுதான் விதைப் பையின் பின்புறத்தை வாசித்தார்கள். நேர்மாறான தவறும் உண்டு. பார்த்தினோகார்பிக் விதையைத் தேனீ புகும் இடத்தில் நட்டு, பக்கத்துத் தோட்டத்தில் சாதாரண வெள்ளரியும் இருந்தால், மகரந்தம் பட்ட காய்கள் நுனி பருத்து, புட்டிபோல் வளைந்து, உள்ளே விதை பிடித்துவிடும். அவற்றை முதல் தரத்தில் யாரும் எடுப்பதில்லை.

வெப்பம். வெள்ளரிக்குப் பகலில் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ், இரவில் 18 முதல் 20 டிகிரி இதமானது. 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் தொடர்ந்தால் ஆண்பூவும் பெண்பூவும் வரும் முதல் வகையில் ஆண்பூக்களே மிகும், பெண்பூ உதிரும், சில ரகங்களில் காய் கசக்கும். கூரை போடுவதால் வெப்பம் குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். நிழல்வலை குறைக்கும், பாலித்தீன் கூரை கூட்டும்.

தண்ணீர். வெள்ளரி உப்பைத் தாங்காத பயிர். மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2.5 டெசிசீமென்ஸைத் தாண்டியதும் விளைச்சல் குறையத் தொடங்கி, அதற்குமேல் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 13 விழுக்காடு இழப்பு ஏற்படும். கிணற்று நீரைச் சோதித்துப் பார்க்காமல் எதையும் முடிவுசெய்யக் கூடாது.

சந்தை. பேருந்து நிலையத்தில் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்பவர் கேட்பது வெளிர்பச்சை வெள்ளரிப்பிஞ்சு. குடிலில் விளையும் கரும்பச்சை, மெல்லிய தோல் வெள்ளரியை வாங்குவது நட்சத்திர விடுதிகள், பேரங்காடிகள், பெருநகரங்களின் சாலட் வாடிக்கையாளர்கள். மெல்லிய தோல் என்பதால் நீர் விரைவில் வற்றும். பறித்த மறுநாளே கடைக்குப் போய்ச் சேராவிட்டால் காய் துவளும்.

ஆள். பரப்பு சிறியதாக இருந்தாலும் இது தினசரி வேலை. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

## பசுமைக்குடில்

இங்கே பசுமைக்குடில் என்பது இயற்கைக் காற்றோட்டமுள்ள பாலிஹவுஸ்: இரும்புக் குழாய்ச் சட்டம், 200 மைக்ரான் புற ஊதாத் தடுப்புப் பாலித்தீன் கூரை, பக்கங்களிலும் உச்சித் திறப்பிலும் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்ணி) பூச்சிவலை, இரட்டைக் கதவு. இதற்குள் பார்த்தினோகார்பிக் ஒட்டைத் தவிர வேறு விதைக்கு இடமில்லை.

இதன் வலிமை மூன்று இடங்களில் தெரிகிறது. மழை இலையில் விழாததால் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், அதாவது வெளியில் அடிச்சாம்பல் நோய் கொடியைச் சுருட்டும் அக்டோபர், நவம்பரிலும், விற்கக் காய் இருக்கும். பழ ஈயும் சிவப்புப் பூசணி வண்டும் உள்ளே வருவதில்லை. சதுர மீட்டருக்கு இரண்டரைச் செடி நட்டு, ஒற்றைத் தண்டாகக் கயிற்றில் ஏற்றுவதால், நிலம் குறைவாக இருந்தாலும் விளைச்சல் மிகுதி. குழித்தட்டு நாற்றை நட்ட 30 முதல் 35 நாட்களில் பறிப்பு தொடங்கும். நன்கு கவனித்தால் செடிக்கு மூன்று கிலோவை எதிர்பார்ப்பது நியாயமான கணக்கு.

இனிச் செலவு. 2014-இல் நடைமுறைக்கு வந்த, மத்திய அரசின் ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் நெறிமுறைகள் 500-க்கும் 1,008-க்கும் இடைப்பட்ட சதுர மீட்டர் பரப்பிலான குழாய்ச் சட்டக் குடிலுக்கு, சதுர மீட்டருக்கு 935 ரூபாய் என்று மதிப்பிட்டு அதில் 50 விழுக்காட்டை மானியமாக வகுத்தன. இரும்பு விலை அன்றிருந்த நிலையில் இன்று இல்லை, நெறிமுறைகளும் பிறகு திருத்தப்பட்டிருக்கின்றன. எனவே நடப்பு அளவை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நான் இங்கே எடுத்துக்காட்டாக, மானியம் போகக் கைப்பணம் 8 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். பத்தாண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 80,000; வட்டி 40,000; கூரையும் வலையும் மாற்ற ஒதுக்க வேண்டியது 30,000. மொத்தம் ஒன்றரை லட்சம். 2,500 செடி, செடிக்கு மூன்று கிலோ, ஆண்டுக்கு இரண்டு பயிர் என்றால் 15,000 கிலோ. ஆகவே விதை, உரம், கூலி எதையும் சேர்க்கும் முன்பே ஒவ்வொரு கிலோ காய்க்கும் 10 ரூபாய் குடிலுக்கான வாடகையாகப் போகிறது. ஒரு பயிர் நோயில் போய்விட்டால் அது 20 ரூபாய். வெளியில் விளைந்த வெள்ளரியைவிடக் குறைந்தது இந்த அளவு கூடுதல் விலை தரும் வியாபாரி இருக்கிறாரா என்பதுதான் பாலிஹவுஸ் பற்றிய முதல் கேள்வி.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது மண்ணுக்குள் இருக்கிறது. குடிலை இடம் மாற்ற முடியாது. அதே மண்ணில் வெள்ளரிக்குப் பின் வெள்ளரி போடும்போது வேர்முடிச்சு நூற்புழு பெருகுகிறது. முதல் பயிர் பொன்னாக விளையும், இரண்டாவது சுமார், மூன்றாவதில் நண்பகல் வெயிலில் செடிகள் வாடும், பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கும். பயிருக்குப் பயிர் நூற்புழுவை அடக்கும் எதிர் நுண்ணுயிரிகளை வேப்பம்பிண்ணாக்கில் ஊட்டமேற்றி இடுவது, கோடையில் மண்ணை நனைத்துத் தெளிவான பாலித்தீனால் மூடி நான்கு முதல் ஆறு வாரங்கள் வெயிலில் காய விடுவது, இடையில் செண்டுமல்லி போடுவது ஆகியவை கட்டுப்படுத்தும் வழிகள். ஆனால் அந்த வாரங்களில் குடில் வருமானம் தராது. இந்த இடைவெளியைக் கணக்கில் சேர்க்காமல் ஆண்டுக்கு மூன்று பயிர் என்று எழுதித் தரும் திட்ட அறிக்கைகளை நம்பி யாரும் கடன் வாங்க வேண்டாம் என்று மனமார வேண்டிக்கொள்கிறேன்.

இன்னொன்று உப்பு. வெளி நிலத்தில் ஆண்டுக்கொரு முறை மழை மண்ணைக் கழுவிவிடும். குடிலுக்குள் மழை இல்லை. சொட்டுநீரோடு இடும் உரமும் கிணற்று நீரின் உப்பும் அங்கேயே தங்கும். இதற்கான மருந்து அந்தக் கூரையிலேயே இருக்கிறது. 1,000 சதுர மீட்டர் கூரையில் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் 8 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. அதில் பாதியைத் தார்ப்பாய் விரித்த குட்டையில் பிடித்துக் கிணற்று நீரோடு கலந்தாலே வெள்ளரியின் நீர்ச்சிக்கல் பெருமளவு தீரும். குட்டைக்கான இடத்தையும் பணத்தையும் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பார்ப்பதே இல்லை.

கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் ஐந்து கணுக்களின் பூவையும் பக்கக்கிளையையும் கிள்ளுவது, கொடியைக் கயிற்றில் சுற்றுவது, மேல்கம்பியைத் தொட்டதும் இறக்கிவிடுவது, அடியிலைகளைக் கழிப்பது, நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பது என்று ஓய்வில்லாத வேலை. ஒரு நாள் பறிக்காமல் விட்டால் காய் தடித்துத் தரம் இழப்பதோடு, அடுத்த கணுக்களின் பிஞ்சுகளும் கருகும். குடும்பத்தில் இருவர் நாள்தோறும் உள்ளே நிற்க முடியும் என்றால் கால் ஏக்கர் நடக்கும். வாரக் கடைசியில் மட்டும் ஊருக்கு வந்து பார்க்க நினைப்பவருக்கு இது ஏற்ற முயற்சி இல்லை.

இடத்தைப் பொறுத்தவரை ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை போன்ற மேட்டுப் பகுதிகளில் பாலிஹவுஸ் தன் முழுப் பலனைத் தரும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், மிதமான கோடை, அருகிலேயே பெங்களூர்ச் சந்தை என மூன்றும் அங்கே சேர்ந்திருக்கின்றன. திருச்சி, மதுரை, வேலூர் சமவெளிகளில் சித்திரை, வைகாசியில் வெளியிலேயே 38, 40 டிகிரி இருக்கும்போது கூரைக்குள் இன்னும் சில டிகிரி கூடும். அந்த இரண்டு, மூன்று மாதங்கள் குடில் சும்மா கிடக்கும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் கோவை, திருப்பூர்ப் பகுதிகளிலும், தேனி, தென்காசியிலும் ஆனி, ஆடியில் கூரை கிழிவது வழக்கம்; சவுக்கு வேலி இல்லாமல் அங்கே கட்டக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் கடந்த டெல்டாக் கடலோரம் போன்ற இடங்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதே இல்லை.

## நிழல்வலைக்குடில்

சட்டம் ஏறத்தாழ அதேதான். கூரையில் பாலித்தீனுக்குப் பதில் வலை. 2014 நெறிமுறைகளில் இதன் மதிப்பு சதுர மீட்டருக்கு 710 ரூபாய். பாலிஹவுஸைவிடக் குறைவுதான், ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு மலிவல்ல.

சமவெளியின் கோடைக்கு இது உகந்தது. மாசியில் நட்டு வைகாசி வரை பறிக்க வேண்டுமானால் வெப்பத்தைத் தணிக்கும் கூரை வேண்டும், அந்த வேலையை வலை செய்யும். ஆனால் நாற்றங்காலுக்குப் பயன்படும் 50 விழுக்காடு நிழல்வலையை அப்படியே வெள்ளரிக்குப் போடுகிறார்கள். அது வெளிச்சத்தை மிகுதியாகத் தடுப்பதால் கணுவிடை நீண்டு, கொடி மெலிந்து, பிஞ்சு உதிரும். 35 விழுக்காடு போதும்.

இதன் குறை, இரண்டு பக்க நன்மையும் முழுதாகக் கிடைக்காமல் போவது. மழை உள்ளே வரும், ஆகையால் ஐப்பசி, கார்த்திகையில் அடிச்சாம்பல் நோயும் கூடவே வரும். நிழல்வலை மட்டும் கட்டியிருந்தால் வெள்ளை ஈயும் இலைப்பேனும் புகுந்து நச்சுயிரி நோயைக் கொண்டுவரும். பக்கங்களில் பூச்சிவலை கட்டினால் தேனீயும் வராது, காற்றும் குறையும். ஆகவே இங்கே விதையைத் தேர்வது மிகவும் நுட்பமானது. பக்கங்களை முழுதாக அடைத்தால் பார்த்தினோகார்பிக். திறந்து வைத்தால் தேனீ தேவைப்படும் ஒட்டு. அரைகுறையாக அடைத்துவிட்டு விதையை யோசிப்பது இரண்டுங்கெட்டான் நிலை.

ஆண்டின் எட்டு மாதம் வெள்ளரியும் மற்ற மாதங்களில் குழித்தட்டு நாற்று உற்பத்தியும் என்று திட்டமிடுபவருக்கு நிழல்வலை நல்ல தேர்வு. வெள்ளரியை மட்டும் நம்பிக் கட்டுவதானால் நான் தயங்குவேன்.

## திறந்தவெளியில் கம்பிப் பந்தல்

மேட்டுப்பாத்தி, சொட்டுநீர், வெள்ளி–கறுப்பு நிலப்போர்வை (பாத்தியை மூடும் பாலித்தீன் விரிப்பு), கல்தூண் அல்லது சவுக்குக் கழி, மேலே கம்பி, கயிற்றில் ஏறும் கொடி: இது தரையில் படரவிடும் பழைய முறை அல்ல. காய் மண்ணைத் தொடாது, நிறம் சீராக இருக்கும், பறிப்பும் எளிது. நிலப்போர்வையின் வெள்ளி நிறம் வெயிலை மேல்நோக்கித் திருப்புவதால் வெள்ளை ஈயும் இலைப்பேனும் இளம்பயிரில் குறைவாகவே இறங்கும்.

இங்கே விதை தேனீ வேண்டும் ஒட்டு. அப்படியானால் தேனீயைக் காப்பதும் உங்கள் பொறுப்பு. வெள்ளரிப்பூ காலையில் விரியும். அந்த நேரத்தில் பூச்சிக்கொல்லி தெளித்தால் அன்றைய காய்களை நீங்களே அழிக்கிறீர்கள். தெளிப்பது எதுவாயினும் மாலையில் தெளிக்க வேண்டும். பக்கத்தில் இரண்டு தேனீப் பெட்டி வைத்தால் வளைந்த காய்கள் கண்ணெதிரே குறையும். பெண்பூ எண்ணிக்கையைக் கூட்ட எத்ரல் என்ற பயிர் ஊக்கியைத் தெளிப்பதும் ஆண்பூவும் பெண்பூவும் வரும் முதல் வகை விதையில் மட்டுமே பொருளுடையது; இரண்டு இலைப் பருவத்தில் தொடங்க வேண்டும், கொடி ஏறிய பிறகு தெளிப்பது வீண்.

பழ ஈதான் பெரிய எதிரி. ஆண் ஈக்களை ஈர்த்துப் பிடிக்கும் கியூலூர் கவர்ச்சிப்பொறியைப் பூ எடுக்கும் முன்பே கட்ட வேண்டும், சொத்தைக் காய்களைப் பாத்தியோரம் வீசாமல் புதைக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துப் பாகலும் பீர்க்கும் கவனிப்பாரற்றுக் கிடந்தால் உங்கள் பொறி மட்டும் போதாது. மழைக்காலத்தில் இம்முறை எடுபடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தை–மாசி விதைப்பும் ஆனி–ஆடி விதைப்புமே இதன் காலங்கள். ஆக, விலை உச்சத்தில் இருக்கும் மழை மாதங்களில் உங்கள் கையில் காய் இருக்காது.

ஆனால் குடிலுக்கு இல்லாத ஒரு பலம் இதற்கு உண்டு: நிலத்தை மாற்றிக்கொள்ளலாம். வெள்ளரிக்குப் பின் நெல் போட்டால் நூற்புழு அடங்கும், மழை உப்பைக் கழுவும். கல்தூண் பந்தல் நிலையாக இருப்பதால் அடுத்துப் பாகலையோ புடலையோ ஏற்றும் ஆசை வரும். அவையும் வெள்ளரியின் குடும்பமே, அதே நூற்புழு, அதே பழ ஈ என்பதால் பந்தலின்கீழ் வேறு குடும்பப் பயிரை இடையில் விடுவது நல்லது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பசுமைக்குடில் | நிழல்வலைக்குடில் | திறந்தவெளிப் பந்தல் |
|---|---|---|---|
| விதை | பார்த்தினோகார்பிக் மட்டும் | பக்கங்கள் அடைப்பைப் பொறுத்து | தேனீ தேவைப்படும் ஒட்டு |
| ஏற்ற இடம் | ஓசூர் போன்ற மேட்டுப் பகுதி | வறண்ட சமவெளி | தேனீயும் மாற்று நிலமும் உள்ள இடம் |
| பலவீனமான காலம் | சமவெளிக் கோடை | வடகிழக்குப் பருவமழை | மழைக்காலம் முழுவதும் |
| முதல் எதிரி | வேர்முடிச்சு நூற்புழு | நச்சுயிரி பரப்பும் பூச்சிகள் | பழ ஈ |
| காணாத செலவு | கூரை மாற்று, வட்டி, சும்மா கிடக்கும் வாரங்கள் | வலை மாற்று, கூடுதல் தெளிப்பு | கழிவுக்காய், பந்தல் பராமரிப்பு |
| வாங்குபவர் | விடுதி, பேரங்காடி | இரண்டும் | உள்ளூர் மண்டி, சந்தை |

## யார் எதை எடுக்கலாம்

முதன்முறை வெள்ளரி போடுகிறவர், எவ்வளவு பணம் இருந்தாலும், ஒரு பருவமாவது திறந்தவெளிப் பந்தலில் கற்றுக்கொண்டு பிறகு கூரைக்குப் போவது நல்லது என்பதே என் கருத்து. கிள்ளுவது, ஏற்றுவது, நேரத்தில் பறிப்பது ஆகிய கைப்பழக்கம் அங்கே குறைந்த செலவில் வரும். கூடவே, உங்கள் காயை வாங்குகிறவர் யார், எந்த மாதத்தில் என்ன விலை தருகிறார் என்ற ஓராண்டுக் குறிப்பும் கையில் சேரும். திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் இந்திய–இஸ்ரேல் கூட்டுத்திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையத்துக்குப் போய்ப் பாதுகாக்கப்பட்ட சாகுபடியை நேரில் பார்த்துவிட்டு வருவதும் இந்தக் காலத்தில் செய்யக்கூடியது.

மேட்டுப் பகுதியில் இருக்கிறீர்கள், கிணற்று நீர் நன்றாக இருக்கிறது, மழை மாதங்களிலும் சீராகக் காய் கேட்கும் வியாபாரியின் சொல் கையில் இருக்கிறது, வீட்டில் இருவர் முழுநேரம் நிற்பார்கள்: இந்த நான்கும் சேர்ந்தால் பாலிஹவுஸ் போடுங்கள். மூன்று மட்டும் இருந்தால், இல்லாத நான்காவது எது என்பதைப் பாருங்கள். ஆள் இல்லையென்றால் பரப்பைப் பாதியாக்கலாம். நீர் குறையென்றால் குட்டை வெட்டலாம். வியாபாரி இல்லையென்றால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மானியம் பெரும்பாலும் கட்டி முடித்து ஆய்வு செய்த பிறகே வருகிறது. அதுவரை முழுத் தொகையையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும், அந்த மாதங்களின் வட்டியும் உங்களுடையது. வேலை உத்தரவு கைக்கு வரும் முன் குழி தோண்டத் தொடங்க வேண்டாம்.

## ஏற்கெனவே குடில் வைத்திருப்பவர்கள்

ரோஜாவோ குடைமிளகாயோ போட்டு அலுத்த பழைய குடிலை வெள்ளரிக்கு மாற்ற நினைப்பவர்கள் அண்மையில் கூடியிருக்கிறார்கள். இவர்களுக்குக் கட்டுமானச் செலவு முடிந்துபோன ஒன்று, அதனால் மேலே சொன்ன கிலோவுக்குப் பத்து ரூபாய் கணக்கு பாதிக்கும் கீழே குறையும். ஆனால் மண் பழையது. நடும் முன் பழைய செடிகள் நான்கைந்தைக் குடிலின் வெவ்வேறு மூலைகளிலிருந்து பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சுகள் தெரிந்தால் அந்த மண்ணில் வெள்ளரி வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் தென்னைநார்க்கழிவுப் பைகளில் நடலாம். கழிவு நன்கு கழுவப்பட்டு உப்பு நீங்கியதா என்று மின்கடத்துதிறன் மானியால் சோதித்து வாங்க வேண்டும். பையில் நடும் முறையில் வேர்ப்பகுதி சிறியது, நீர் நின்றுபோனால் சில மணி நேரத்தில் செடி வாடும். எனவே மின்வெட்டு உள்ள ஊரில் மேல்நிலைத் தொட்டியோ மாற்று மின்வசதியோ இல்லாமல் பைகளை இறக்கக் கூடாது.